நீர்த்தேக்கம் ஒன்றை வைத்து மாணவர்களின் புவியியல் திறனை மதிப்பிடுவது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீர்த்தேக்கம் பற்றி வினாத்தாள் தயாரிக்கச் சொன்னால், பெரும்பாலும் "அணைகளின் நன்மைகள் ஐந்தினை எழுதுக" என்பதில் தொடங்கி "நீரைச் சேமிப்பதன் அவசியம் யாது?" என்பதில் முடிந்துவிடுகிறது. மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் வாங்குவார். நிலவரைபடத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்த, ஆனால் அந்த ஐந்து நன்மைகளை மறந்துபோன மாணவி தோற்றுப்போவாள். புவியியல் தேர்வில் இப்படி நடப்பது அநியாயம்.

ஒரு நீர்த்தேக்கத்துக்குள் இந்தப் பாடத்தின் கிட்டத்தட்ட எல்லாமே அடங்கியிருக்கிறது. மழை எப்போது பெய்கிறது, நிலம் எப்படிச் சரிகிறது, எத்தனை பேர் குடிக்கிறார்கள், வயலுக்கு எவ்வளவு போகிறது, பற்றாக்குறை வந்தால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எல்லாக் கேள்விகளும் அங்கே வந்து சேர்கின்றன. அதனால்தான் திறன் மதிப்பீட்டுக்கு இது அருமையான கரு. அதை எப்படி வினாத்தாளாக்குவது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரத் தாளை மூடி வைத்துவிட்டு உங்கள் கேள்விக்குப் பதில் எழுத முடிகிறதா? முடிந்தால் அது நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்வி. இந்த மதிப்பீட்டில் அதற்கு இடமில்லை.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

கேள்விகளுக்கு முன்னால் திறன்களை எழுதுங்கள். நான்கைந்துக்கு மேல் வேண்டாம். நீர்த்தேக்கத்துக்குப் பொருந்துபவை இவை: நிலவரைபடத்திலிருந்து இடம், திசை, தூரம், உயரம் ஆகியவற்றைப் படித்தல், எண்களையும் கோட்டு வரைபடங்களையும் கையாளுதல், படங்களை ஒப்பிட்டு மாற்றத்தை விவரித்தல், இயற்கைக் காரணங்களையும் மனிதக் காரணங்களையும் இணைத்து விளக்குதல், ஆதாரத்தின் பேரில் ஒரு முடிவெடுத்து அதை நியாயப்படுத்துதல்.

ஒவ்வொரு திறனுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 40 மதிப்பெண் என்றால் கடைசித் திறனுக்கு 12 கொடுக்கலாம். கேள்விகளை எழுதிய பிறகு மதிப்பெண்ணைப் பிரித்தால், எழுத எளிதான கேள்விகளே தாளை நிரப்பிவிடும்.

2. பொருத்தமான ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல நிகழ்வுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. நீரின் அளவு காலத்தோடு ஏறி இறங்கியிருக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்க வேண்டும். என்ன செய்யலாம் என்பதில் நியாயமான மனிதர்கள் வேறுபட இடமிருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2015 முதல் 2018 வரை சந்தித்த நீர் நெருக்கடியில் இந்த மூன்றும் இருக்கின்றன. அந்த நகரின் நீர் அமைப்பில் ஆறு பெரிய அணைகள் உள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 90 கோடி கன மீட்டர். டீவாட்டர்ஸ்க்ளூஃப் என்ற ஒரே நீர்த்தேக்கம் அதில் 48 கோடியைத் தாங்குகிறது. 2014இல் நிரம்பியிருந்த அணைகள், 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மழை பொய்த்ததில் வற்றிக்கொண்டே வந்தன. மொத்த இருப்பு 13.5 விழுக்காட்டைத் தொட்டால் பெரும்பாலான குழாய்களை அடைத்துவிட்டு, ஆளுக்கு 25 லிட்டர் வீதம் விநியோக மையங்களில் கொடுப்பது என்று திட்டமிட்டார்கள். அந்த நாளுக்குத்தான் 'பூஜ்ய நாள்' என்று பெயர். 2018 பிப்ரவரி 1 முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு வந்தது. பூஜ்ய நாள் வரவில்லை. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் மழை திரும்பியது. 2020இல் அணைகள் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டன.

நெருக்கடி முடிந்துபோன ஒன்று என்பது ஆசிரியருக்குப் பெரிய வசதி. முடிவு தெரிந்திருப்பதால், மாணவர் சொல்லும் காரணத்தை நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கீழே எல்லா எடுத்துக்காட்டுகளையும் இதிலிருந்தே தருகிறேன்.

3. ஆதாரத் தாளைத் தயாரியுங்கள்

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். ஆதாரத் தாள் சரியாக அமைந்தால் கேள்விகள் தாமாகவே வந்து விழும். ஐந்து ஆதாரங்கள் போதும்: அணைகள், மலைகள், ஆறுகள், நகரம் ஆகியவற்றைக் காட்டும் நிலவரைபடம், மாதவாரி மழையும் வெப்பமும் காட்டும் காலநிலை வரைபடம், 2013 முதல் 2020 வரை அணை இருப்பைக் காட்டும் கோட்டு வரைபடம், டீவாட்டர்ஸ்க்ளூஃபின் இரண்டு செயற்கைக்கோள் படங்கள் (ஒன்று நிரம்பியிருந்தபோது, மற்றொன்று 2018 தொடக்கத்தில்), தீர்வுகளைப் பற்றிய அரைப் பக்கக் குறிப்பு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இலவசமாகத் தருகிறது. அணை இருப்பு விவரங்களைக் கேப் டவுன் மாநகராட்சியே வெளியிட்டு வருகிறது.

சில நுணுக்கங்களைக் கவனிக்காவிட்டால் தேர்வே கெட்டுவிடும்.

நிலவரைபடத்தில் "1 : 5,00,000" என்று எண்ணாக மட்டும் அளவுகோலைக் கொடுக்காதீர்கள். நகலெடுக்கும்போது தாள் சற்றுச் சுருங்கினாலும் அந்த விகிதம் பொய்யாகிவிடும். கோடாக வரைந்த அளவுகோல் படத்தோடு சேர்ந்தே சுருங்கும், தவறாது.

கறுப்பு வெள்ளையில் அச்சாகப் போகிறது என்றால் நீலமும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரியும். நீர்ப்பரப்புக்குக் கோடுகள், காட்டுக்குப் புள்ளிகள் என்று வேறுபடுத்துங்கள். நிறம் பிரித்தறிய இயலாத மாணவர்களுக்கும் இதுவே உதவும்.

உரைநடை குறைவாக இருக்கட்டும். நீளமான பத்தியைக் கொடுத்தால் வாசிப்பு வேகத்தைத்தான் அளப்பீர்கள். 'நீர்ப்பிடிப்புப் பகுதி', 'கொள்ளளவு' போன்ற சொற்களுக்கு ஒரு வரி விளக்கத்தை ஓரத்தில் தந்துவிடுங்கள். 1 கன மீட்டர் என்பது 1,000 லிட்டர் என்பதையும் அச்சிட்டே கொடுங்கள்.

இன்னொன்று, ஆதாரத்தில் விடையை எழுதிவிடாதீர்கள். "மழைக் குறைவாலும் மக்கள்தொகைப் பெருக்கத்தாலும் நீர் குறைந்தது" என்ற ஒரு வாக்கியம் உள்ளே நுழைந்தால், காரணங்களைக் கேட்கும் கேள்வி அந்த வாக்கியத்தைப் பார்த்து எழுதும் வேலையாகிவிடும்.

4. கேள்விகளை ஏறுவரிசையில் எழுதுங்கள்

முதல் கேள்விகள் கையைப் பழக்கட்டும். நகரின் மையத்திலிருந்து டீவாட்டர்ஸ்க்ளூஃப் எந்தத் திசையில், நேர்கோட்டில் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது? அதற்கடுத்து சற்றே யோசிக்க வைக்கும் ஒன்று: அந்த நீர்த்தேக்கம் இருக்கும் ஆற்றுப்படுகை வேறு, நகரம் இருக்கும் பக்கம் வேறு, நடுவே மலைத்தொடர். அப்படியானால் நீர் எப்படி இந்தப் பக்கம் வந்திருக்க முடியும்? உண்மையில் மலையைக் குடைந்த சுரங்கக் கால்வாய்கள் வழியாகத்தான் வருகிறது. அதை முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. சம உயரக் கோடுகளைப் பார்த்து, குழாயோ சுரங்கமோ இல்லாமல் முடியாது என்று ஊகித்தாலே முழு மதிப்பெண் கொடுங்கள்.

காலநிலை வரைபடத்தில் ஒரு முக்கியமான திருப்பம் இருக்கிறது. கேப் டவுன் தெற்கே சுமார் 34 பாகை அட்சத்தில் இருப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். மழைக்காலமும் அதுதான். கோடை வறண்டது. தேவை அதிகமாக இருக்கும் காலத்தில் வரத்து இல்லை, வரத்து இருக்கும் காலத்தில் தேவை குறைவு. நீரைச் சேமித்து வைக்க வேண்டியதன் காரணமே இந்த இடைவெளிதான். "எந்த மாதத்தில் அணை இருப்பு மிகக் குறைவாக இருக்கும்? ஏன்?" என்று கேளுங்கள். வெப்பம் உச்சத்தில் இருக்கும் ஜனவரி, பிப்ரவரி என்று பலர் எழுதுவார்கள். மழை தொடங்கும்வரை இருப்பு இறங்கிக்கொண்டேதான் இருக்கும், எனவே குளிர்காலத்துக்குச் சற்று முன்னால் என்று எழுதுபவர் இரண்டு வரைபடங்களையும் சேர்த்துப் படித்திருக்கிறார்.

செயற்கைக்கோள் படங்களுக்கு: "நீர்ப்பரப்பு பாதியாகியிருந்தால் நீரின் அளவும் பாதியாகியிருக்குமா?" பரப்போடு ஆழமும் குறைந்திருக்கும் என்பதால் நீர் பாதிக்கும் கீழே போயிருக்கும். மேலிருந்து பார்க்கும் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை உணர்ந்த மாணவரை இந்த ஒரு கேள்வியே அடையாளம் காட்டிவிடும்.

இனி கணக்கு. புவியியலில் கணக்கு ஒரு வாதத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விடை வந்ததும் நிறுத்திவிடும் கேள்வியை எழுதாதீர்கள். மூன்று எடுத்துக்காட்டுகள்:

டீவாட்டர்ஸ்க்ளூஃபின் பங்கு மொத்தக் கொள்ளளவில் எத்தனை விழுக்காடு? 48ஐ 90ஆல் வகுத்தால் சுமார் 53. தொடர்ந்து, "பாதிக்கு மேல் ஒரே இடத்தில் சேமிப்பதில் உள்ள ஆபத்து ஒன்றை நிலவரைபடத்தின் துணையோடு விளக்குக."

நிரம்பியிருக்கும்போது அதன் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் என்ன? 50 சதுர கிலோமீட்டர் என்பது 5 கோடி சதுர மீட்டர். 48 கோடி கன மீட்டரை அதனால் வகுத்தால் 9.6 மீட்டர். பரந்து விரிந்த, ஆழம் குறைந்த நீர்த்தேக்கம். "வறண்ட கோடையில் இதனால் என்ன நேரும்?" என்ற அடுத்த வரியில் ஆவியாதல் வந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அணைகளின் மொத்த இருப்பு 20 விழுக்காடு. கடைசி 10 விழுக்காட்டை எடுப்பது கடினம். நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர் செலவானால் எத்தனை நாளுக்கு வரும்? 20 விழுக்காடு என்பது 18 கோடி கன மீட்டர். எடுக்க முடிந்தது அதில் 9 கோடி. 50 கோடி லிட்டர் என்பது 5 லட்சம் கன மீட்டர். விடை 180 நாள். இதற்கு மூன்று மதிப்பெண் கொடுங்கள். பிறகு நான்கு மதிப்பெண்ணுக்கு இப்படிக் கேளுங்கள்: "இந்தக் கணக்கு எதையெல்லாம் விட்டுவிட்டது? அவற்றைச் சேர்த்தால் 180 கூடுமா, குறையுமா?" ஆவியாதல், விவசாயத்துக்குப் போகும் பங்கு, கோடை வெப்பத்தில் தேவை கூடுவது ஆகியவை நாளைக் குறைக்கும். இடையில் பெய்யும் மழையும் மேலும் சிக்கனமும் நாளைக் கூட்டும். எண்ணைக் கண்டுபிடித்ததோடு அதைச் சந்தேகிக்கவும் தெரிந்த மாணவர் யார் என்று இங்கே தெரிந்துவிடும்.

5. முடிவெடுக்கும் கேள்வியைக் கட்டுப்பாட்டோடு கேளுங்கள்

"நீர்ப் பற்றாக்குறையைத் தீர்க்க உன் ஆலோசனை என்ன?" என்று திறந்துவிட்டால் "மரம் நடுவோம், மழைநீர் சேமிப்போம்" என்ற முழக்கங்கள்தான் வரும். கேப் டவுனின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மரம் நடுவது தீங்காகவும் முடியலாம் என்பதே இந்த நிகழ்வின் ஆழமான பாடம். அங்கே இயல்பாக வளர்வது குட்டையான புதர்த் தாவரங்கள். வெளியிலிருந்து வந்து பரவிய பைன், யூகலிப்டஸ், அகேசியா மரங்கள் மிகுதியான நீரை உறிஞ்சுகின்றன. ஆண்டுக்கு சுமார் 5.5 கோடி கன மீட்டர் நீர் இவற்றால் இழக்கப்படுகிறது என்று கேப் டவுன் பெருநகர நீர் நிதியம் மதிப்பிட்டது. 2018இல் தொடங்கிய அந்த நிதியத்தின் முக்கிய வேலையே இந்த மரங்களை அகற்றுவதுதான்.

எனவே தீர்வுகளை நீங்களே கொடுத்துவிடுங்கள்: அயல் மரங்களை அகற்றுதல், கடல்நீரைக் குடிநீராக்குதல், நிலத்தடி நீரை எடுத்தல், பயன்பாட்டைக் குறைத்தல். எந்த அளவுகோலால் எடைபோட வேண்டும் என்பதையும் கொடுங்கள்: எவ்வளவு நீர் கிடைக்கும், மழை பொய்த்தாலும் கிடைக்குமா, அடுத்த தலைமுறைக்கும் தொடருமா, சுமை யார் மேல் விழும். "முதலிடம் எதற்கு, இரண்டாமிடம் எதற்கு? குறைந்தது மூன்று ஆதாரங்களைச் சுட்டி நியாயப்படுத்துக."

நீடித்த பயன்பாடு என்பதை மாணவர்கள் சுற்றுச்சூழலோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். சுமை யார் மேல் என்ற அளவுகோலைத் தவறாமல் சேருங்கள். 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு நீச்சல் குளம் வைத்திருந்த வீட்டுக்கு ஒரு பொருள், பொதுக் குழாயில் வரிசையில் நின்று பிடிக்கும் குடும்பத்துக்கு வேறொரு பொருள். 2018 பிப்ரவரியில் கேப் டவுனுக்கு அருகிலுள்ள கிரோன்லாந்து பகுதி விவசாயிகள் தங்கள் அணைகளிலிருந்து சுமார் 1 கோடி கன மீட்டர் நீரை நகரத்துக்குத் திறந்துவிட்டார்கள். நகரத்துக்குக் கிடைத்த அந்த நீர் வேறொருவர் விட்டுக்கொடுத்தது. இந்த இரண்டு செய்திகளையும் ஐந்தாம் ஆதாரத்தில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

6. விடைக்குறிப்பை மாதிரி விடைகளோடு எழுதுங்கள்

"நன்றாக விளக்கியிருந்தால் 9 முதல் 12" என்று எழுதினால் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகத் திருத்துவார்கள். ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு மாதிரி விடையை நீங்களே எழுதிப் பாருங்கள். மேலே சொன்ன கேள்விக்கு இப்படி:

முதல் படி, 1 முதல் 4 வரை: "கடல்நீரைக் குடிநீராக்கலாம். நகரம் கடலோரத்தில் இருக்கிறது. கடல்நீர் தீராது." கருத்து இருக்கிறது, ஒப்பீடு இல்லை. நகரம் கடலோரத்தில் என்பது மட்டுமே நிலவரைபடத்திலிருந்து வந்தது.

இரண்டாம் படி, 5 முதல் 8 வரை: "மரங்களை அகற்றுவதே முதலிடம். ஆண்டுக்கு 5.5 கோடி கன மீட்டர் கிடைக்கும் என்று ஐந்தாம் ஆதாரம் கூறுகிறது. கடல்நீர் ஆலைக்கு மின்சாரம் அதிகம் தேவை என்பதால் அது இரண்டாமிடம்." ஆதாரம் உண்டு, ஒப்பீடும் உண்டு. எண்ணை எடுத்து வைத்ததோடு நின்றுவிட்டது.

மூன்றாம் படி, 9 முதல் 12 வரை: "மரங்களை அகற்றுவதற்கு முதலிடம் தருகிறேன். 5.5 கோடி கன மீட்டர் என்பது நாளுக்கு 5 லட்சம் வீதம் 110 நாளுக்கான நீர். ஆனால் மழை பெய்தால்தான் அந்த நீர் அணைக்கு வரும். மூன்றாம் ஆதாரத்தில் 2015 முதல் 2017 வரை கோடு இறங்குவதைப் பார்த்தால், மழையை நம்பாத வழி ஒன்றும் வேண்டும். அதனால் சிறிய கடல்நீர் ஆலைக்கு இரண்டாமிடம். அதன் செலவு எல்லோருடைய கட்டணத்திலும் சமமாக ஏறினால் ஏழைகளுக்குப் பாரமாகும்." இந்த விடையில் எண் வாதமாகிறது, தன் தேர்வின் பலவீனத்தையும் மாணவர் பார்க்கிறார்.

கடல்நீர் ஆலைக்கே முதலிடம் கொடுத்த மாணவரும் இதே 12 மதிப்பெண்ணைப் பெற முடிய வேண்டும். எந்தத் தீர்வைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது என்று விடைக்குறிப்பின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள். ஆசிரியரின் சொந்த விருப்பம் மதிப்பெண்ணுக்குள் நுழைவது இந்தக் கேள்வியில்தான்.

கணக்குகளில் முந்தைய பகுதியில் செய்த பிழை அடுத்த பகுதியைத் தண்டிக்கக் கூடாது. 180க்குப் பதிலாக 360 நாள் என்று கண்டுபிடித்தவர், கடைசி 10 விழுக்காட்டைக் கழிக்க மறந்திருக்கிறார். அங்கே ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, விடுபட்டவை பற்றிய பதிலை முழுதாக மதிப்பிடுங்கள்.

7. நடத்துங்கள்

கொடுப்பதற்கு முன் சக ஆசிரியர் ஒருவரை, முடிந்தால் வேறு பாட ஆசிரியரை, எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடம் பெரும்பாலும் உங்கள் வாக்கியத்தின் குற்றமாக இருக்கும். ஆதாரங்களைப் படிக்க மட்டும் 10 நிமிடம், பிறகு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கிட்டால் 40 மதிப்பெண் தாளுக்கு 70 நிமிடம். அளவுகோல் சட்டமும் சாதாரணக் கணிப்பானும் அனுமதிக்கலாம். நீளமான வகுத்தலை இங்கே சோதிக்கவில்லை.

8. திருத்திய பிறகு

மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தால் இவ்வளவு உழைப்பும் வீண். ஒவ்வொரு மாணவருக்கும் திறன்வாரியாக ஐந்து எண்களைக் கொடுங்கள். 40க்கு 24 எடுத்த இருவரில் ஒருவருக்கு நிலவரைபடம் வரவில்லை, மற்றவருக்கு வாதம் வரவில்லை. இருவருக்கும் ஒரே பயிற்சி பயன்படாது.

வகுப்பு முழுவதற்குமான ஓர் அட்டவணையைத் தயாரித்தால் உங்கள் கற்பித்தலும் அதில் தெரியும். பாதிப் பேர் அணை இருப்பு மே மாதத்தை ஒட்டி அடிமட்டத்தைத் தொடுவதைக் காணத் தவறியிருந்தால், இரண்டு வரைபடங்களைச் சேர்த்துப் படிக்கும் பயிற்சியை அடுத்த வாரமே வையுங்கள்.

சில வாரம் கழித்து, அதே ஐந்து திறன்களை வேறொரு நீர்த்தேக்கத்தைக் கொண்டு மீண்டும் அளங்கள். அமெரிக்காவின் மீட் ஏரி நன்றாகப் பொருந்தும். கொலராடோ ஆற்றில் அந்த ஏரியை உருவாக்கிய ஹூவர் அணை 1935இல் திறக்கப்பட்டது. 2022 கோடையில் ஏரியின் நீர்மட்டம், முதன்முதலில் நிரம்பிய 1930களுக்குப் பின் காணாத அளவுக்குக் கீழே போனது. கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்களுக்கிடையே பங்கிட்ட 1922 ஒப்பந்தம், மழை மிகுந்த ஆண்டுகளின் நீர்வரத்தை நம்பி எழுதப்பட்டது. "பங்கு போட்ட நீரும் ஆற்றில் ஓடும் நீரும் ஒன்றா?" என்ற கேள்வியை மையமாக வைத்து ஆதாரத் தாளைத் தொடங்குங்கள். திறன்களும் மதிப்பெண் பிரிவும் பழையபடியே இருக்கட்டும். அப்போதுதான் முதல் தாளின் ஐந்து எண்களையும் இரண்டாம் தாளின் ஐந்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.